பயணத்தை ரசி, அம்மிணி!

நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் முட்டைக்கு அடுத்தபடியாக ஏராளமாக உற்பத்தியாகும் ஓர் இனம் உண்டு. அதற்கு நிச்சயமின்மை உபதேசகர் என்று பெயர். அடையாளம் காண்பது சுலபம். உங்கள் வீடு பற்றி எரியும்போது பக்கத்தில் வந்து நின்று, "எதுவும் நெலையில்லீங்க, அதுலதான் ஒரு அழகு இருக்குது" என்பார். சொன்ன கையோடு சற்று ஒதுங்கிப் போய், தன் வீட்டுக்குத் தீ இன்சூரன்ஸ் கட்டியாயிற்றா என்று போனில் விசாரிப்பார்.

சென்னிமலை என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டையாம்பட்டிக்கு அருகே துண்டும் போர்வையும் ஏற்றுமதி செய்யும் கம்பெனி முதலாளி. வயது ஐம்பத்தெட்டு. 'இலக்கு முக்கியமல்ல, பயணத்தை ரசி' என்று வாசலில் பலகை மாட்டியிருக்கிறார். மாட்ட வந்த ஆசாரி நாலு ஆணி போதும் என்றார். இவர் எட்டு அடிக்கச் சொன்னார்.

அவர் பயணத்தை ரசிக்கும் அழகைப் பார்க்க வேண்டுமே! போன சித்திரையில் ஏற்காடு கிளம்புமுன் கோயிலில் பூக் கேட்டார். வெள்ளைப் பூ வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. சிவப்பு வந்தது. மறுபடி கேட்டார். மறுபடியும் சிவப்பு. மூன்றாம் தடவை சாமியே அலுத்துப்போய் வெள்ளையைக் கொடுத்து அனுப்பிவைத்தது. கல்லுக்கு அலுப்பு வருமா என்கிறீர்களா? சென்னிமலை கேட்டால் வரும். அப்புறம் விடுதிக்கு மூன்று முறை போன் செய்து, காரில் இரண்டு ஸ்டெப்னி ஏற்றி, வாந்திக்கு மாத்திரையும், மாத்திரை கேட்காவிட்டால் எலுமிச்சம்பழமும், அந்தப் பழம் அழுகிவிட்டால் இன்னொரு பழமும், வீட்டுத் தண்ணீரும், கொளுத்தும் வெயிலில் நாலு குடையுமாகப் புறப்பட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "இன்னும் எத்தனை பாக்கி?" என்று மகள் சௌந்தர்யாவை நச்சரித்தபடியே மலை ஏறினார்.

"அப்பா, சேலமே கீழ தெரியுது, பாருங்க!"

"ஊட்டுக்குப் போயி போட்டோவுல பாத்துக்கலாம் சாமி."

ரசித்தாயிற்று.

இவரிடம்தான் வசந்தாமணி எட்டு வருடமாக வேலை பார்த்தாள். துண்டுகளில் பிழை பார்த்துப் பிரிக்கும் வேலை. ஒரு நூல் அறுந்திருந்தாலும் அவள் விரலுக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் எட்டு வருடமும் அவள் 'தற்காலிகம்'தான். இன்றைக்கு வேலை உண்டா இல்லையா என்பதைக் காலை ஏழு மணிக்குக் கம்பெனி வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொள்வாள். வேலை நிரந்தரமாக வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறெதுவும் கேட்டதில்லை.

"ஏனுங்க, இந்த வருசமாச்சும் எம்பேரை ரிஜிஸ்டர்ல ஏத்துவீங்களா? காச்சல்னு ரெண்டு நாள் படுத்தா வேலை இருக்குமோ போயிருமோன்னு பயமா இருக்குதுங்க."

"பயம் எதனால வருது அம்மிணி? நாளைக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சுக்கற ஆசையில வருது. அந்த ஆசையை உடு. ஆத்துத் தண்ணியாட்டம் போயிட்டே இரு."

ஆற்றோடு போகச் சொல்பவர்கள் எல்லோரும் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் சொல்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? அடுத்தவர் அடுப்பு நாளை எரியுமா என்பது இவர்களுக்குத் தத்துவம். தங்கள் வீட்டில் பால்காரர் பத்து நிமிடம் தாமதித்தால் அது பேரிடர்.

ஒரு சனிக்கிழமை. பத்து நாளில் ஒரு பெரிய ஆர்டர் கப்பல் ஏற வேண்டும். வசந்தாமணியும் கூட வேலை செய்யும் மயிலம்மாளும் ஆபீஸ் அறைக்குள் வந்து நின்றார்கள்.

"திங்கக்கெழமையிலிருந்து நாங்க வரலீங்க."

சென்னிமலை காப்பியைக் கீழே வைத்தார். "எங்க போறீங்க?"

"ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு சின்னக் கடை புடிச்சிருக்கறோம். இட்லிக் கடை."

"ஓடுமா?"

"தெரியலீங்க."

"ஓடாட்டி?"

"அதுவுந் தெரியலீங்க. இட்லி சுடத் தெரியும்."

"இவளுக்கு அதுவுஞ் செரியாத் தெரியாதுங்க, நாந்தான் சுடோணும்" என்று மயிலம்மாள் சிரித்தாள்.

சென்னிமலைக்குச் சிரிப்பு வரவில்லை. பிழை பார்க்க வேறு யார் இருக்கிறார்கள்? ரிஜிஸ்டரை இழுத்து மேசைமேல் விரித்தார்.

"இப்பவே உம்பேரை ஏத்தறேன். ஆனா அஞ்சு வருசத்துக்கு வேற எங்கியும் போகமாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துரோணும். எனக்கும் ஒரு உறுதி வேணுமில்ல அம்மிணி?"

எட்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது.

வசந்தாமணி ரிஜிஸ்டரில் தன் பேருக்காகக் காத்திருந்த வெற்று வரியைப் பார்த்தாள். கை கொஞ்சம் நீண்டது. பிறகு தானாகவே மடங்கியது.

"எனக்கும் அதேதானுங்க வேண்டியிருந்துச்சு. வாரேனுங்க."

வெளியே ரோட்டுக்கு வந்ததும் வசந்தாமணி, "பயமாத்தான் இருக்குது புள்ள" என்றாள். "எனக்கும்தான்" என்றாள் மயிலம்மாள். அதன்பின் இட்லிக்குச் சாம்பாரா குருமாவா என்று சண்டை தொடங்கியது. அந்தச் சண்டை மும்முரத்தில் ஒரு பஸ்ஸையும் விட்டுவிட்டார்கள்.

இது வேறு யாரோ முதலாளியின் கதை என்று நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறீர்களா? உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வருகிறவர், "அடுத்த மாசமும் வரட்டுங்களா?" என்று கேட்டபோது, "பாக்கலாம்" என்றீர்களே, நினைவிருக்கிறதா? இல்லையா? நல்லது, நீங்கள் அந்த இனமில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். இதைப் படிக்கத் தொடங்குமுன், எவ்வளவு நீளம், எங்கே போய் முடிகிறது என்று இந்தக் கடைசி வரியை எட்டிப் பார்த்தீர்கள்தானே?