அரைநாள் பணக்காரர்

"கவர்மெண்டு பணம் குடுத்துச்சுன்னா பொண்ணு படிக்கட்டும். குடுக்கலன்னா தை மாசம் கல்யாணம். இதுக்கு மேல ஒரு பேச்சு கெடையாது."

இப்படி அறிவித்துவிட்டு சூசைநாதன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தீர்ப்புச் சொன்ன நீதிபதியின் களைப்பு அவர் முகத்தில் தெரிந்தது. கேட்டவர்கள் இரண்டே பேர். மனைவி அமலராணி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகள் ஆன் மேரி, கவுன்சிலிங்கில் வாங்கிவந்த கடிதத்தோடு நின்றுகொண்டிருந்தாள். திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் அவளுக்கு பி.இ. கிடைத்திருந்தது.

"சரிங்க," என்றாள் அமலராணி.

சூசைநாதன் இருபது வருஷமாகப் பீங்கானைத் தட்டியே பிழைக்கிறவர். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். சூளையிலிருந்து வருகிற ஃப்யூஸ் கட்டையை ஒரு தட்டுத் தட்டினால் போதும், உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட காதுக்கு, மனைவியின் 'சரிங்க'வில் மட்டும் எந்த விரிசலும் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். சிறுபான்மைச் சமூகத்துப் பிள்ளைகள் தொழிற்படிப்பு படித்தால் அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கிறது என்று, அந்த இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அறிவித்தார்கள். பூசை முடிந்து சூசைநாதன் செருப்பைத் தேடுவதற்குள் அமலராணி விண்ணப்பத்தோடு வந்து நின்றாள். குடும்ப வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தாலுகா ஆபீசில் வருமானச் சான்று வாங்கி இணைக்க வேண்டும். அவ்வளவுதான்.

சூசைநாதனுக்கு அங்கேதான் இரண்டு இடத்தில் இடித்தது.

ஒன்று, அவர் சேத்தியாத்தோப்பில் இருக்கிற அக்கா பெரியநாயகிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அக்கா மகன் ஜூடுக்கு ஆன் மேரி என்று. கேட்டுக் கொடுத்த வாக்கு இல்லை, யாரும் கேட்காமலே கொடுத்தது.

இரண்டாவது, கோயில் வட்டாரத்தில் அவர் தன்னைக் கம்பெனியின் 'ஒர்க்கிங் பார்ட்னர்' என்று சொல்லி வைத்திருந்தார். அதில் ஒர்க்கிங் மட்டும்தான் அவர். பார்ட்னர்கள் வேறு மூன்று பேர், சென்னையில் இருந்தார்கள்.

"வருமானம் கம்மின்னு நானே எழுதிக் குடுக்கறதா? அப்புறம் 'வரு'வும் போயிடும், 'மானமு'ம் போயிடும்," என்றார்.

"இப்ப மட்டும் வருதாக்கும்," என்று கீரைக் காம்பிடம் சொன்னாள் அமலராணி.

படிக்க வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. சொன்னால் வீட்டில் சோறு கிடைக்கும், குழம்பு கிடைக்காது. அதனால்தான் பழியை அரசாங்கத்தின் தலையில் வைத்தார். கவர்மெண்டு இல்லையென்றால் அப்பன் என்ன செய்வான்? யோசிக்க யோசிக்கத் தன் மூளையின்மேல் அவருக்கே பொறாமை வந்தது. வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிட்டால் உதவித்தொகை கிடையாது. தாண்டுவது எப்படி? அவர் சம்பளம் மாசம் ஆறாயிரத்து ஐந்நூறு. தாண்ட முடியாது. தாண்டினமாதிரி காட்ட முடியும்.

மனு போட்டு ஒரு வாரத்தில் தகவல் வந்தது. வருவாய் ஆய்வாளர், ஆர்.ஐ. என்பார்கள், சனிக்கிழமை காலை வீட்டுக்கே வந்து விசாரிக்கப் போகிறார்.

வருமானச் சான்றுக்காக ஊரில் மற்றவர்கள் இருக்கிற ஃப்ரிஜ்ஜை ஒளித்து வைப்பார்கள். சூசைநாதன் இல்லாத ஃப்ரிஜ்ஜைக் கொண்டுவரப் புறப்பட்டார்.

பக்கத்து வீட்டு சக்கரபாணிக்கு உரக்கடை. வியாபாரி என்பதால் எதையும் இரண்டு தடவை கேட்டுத்தான் நம்புவார்.

"ஃப்ரிஜ்ஜா? எதுக்கு சூசை?"

"ஒரு அரைநாளு வேணும்."

"உள்ள மாவு இருக்குதே."

"மாவோடவே குடு."

"திங்கறதுக்கா கேக்கற?"

"காட்டறதுக்கு. அப்படியே அந்தத் தங்க ஃபிரேம் கண்ணாடியையும் குடு."

சூசைநாதனின் சொந்தக் கண்ணாடியில் ஒரு காது உடைந்து, செம்புக் கம்பி சுற்றியிருந்தது. ஒர்க்கிங் பார்ட்னர் கம்பி சுற்றிய கண்ணாடியோடு ஆர்.ஐ. முன்னால் உட்கார முடியுமா?

சனிக்கிழமை விடிந்ததும் நாலு பேர் ஃப்ரிஜ்ஜைத் தூக்கிவந்து கூடத்தில் இறக்கினார்கள். கம்பெனியில் கழித்துப் போட்ட இரண்டு ஆளுயரப் பூ ஜாடிகளை சூசைநாதன் கேட்டு வாங்கிவந்து வாசலுக்கு இரண்டு பக்கமும் நிறுத்தினார். விரிசல் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

"எதுக்குங்க இதெல்லாம்?" என்றாள் அமலராணி.

"அதிகாரிங்க வர்ற வூடு ராணி. இல்லாதவன் வூடாட்டம் இருந்தா மதிக்க மாட்டாங்க. மனுவத் தூக்கி ஓரமா போட்டுடுவாங்க."

"சரிங்க."

"வாக்குமூலம்னு ஒண்ணு கேப்பாங்க. நான் சொல்றேன், நீ எழுது. உன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கும்."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடத்தில் நடந்தபடி சொன்னார். பெயர், தகப்பனார் பெயர், தொழில். "மாத வருமானம், இருபத்தஞ்சாயிரம்."

பேனா நின்றது. "அவ்வளவு போட்டா உதவி கெடைக்காதேங்க."

"உனக்கு வெவரம் பத்தாது. நாம எத எழுதினாலும் அவங்க பாதியாக் கொறைப்பாங்க. மாட்டுச் சந்தையில வெல சொல்றமாதிரி ஏத்தித்தான் சொல்லணும்."

"சரிங்க," என்று எழுதினாள். நிறைய எழுதினாள். அவர் சொன்னதைவிடக் கூடுதலாகவே எழுதுகிறாளே என்று அவருக்குத் தோன்றவில்லை. முத்து முத்தாக எழுதினால் நேரமாகத்தானே செய்யும்.

பத்து மணிக்கு ஆர்.ஐ. மாணிக்கவேல் ஒரு பழைய டி.வி.எஸ். ஃபிப்டியில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர். ஜாடிகளைப் பார்த்தார். ஜாடியில் ஒன்றைச் சுற்றிப்போய் அதன் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு உள்ளே வந்தார்.

"உக்காருங்க சார். நாம கம்பெனியில பார்ட்னர். மாசம் இருவத்தஞ்சுக்குக் கொறையாது," என்று ஆரம்பித்தார் சூசைநாதன். தங்கக் கண்ணாடி வழியே ஆர்.ஐ. இரண்டு பேராகத் தெரிந்தார். நடுவில் இருந்த இடத்தைப் பார்த்துப் பேசினார்.

"சாருக்கு ஃப்ரிஜ்ஜுலருந்து ஜில்லுனு தண்ணி குடுங்களேன்," என்றாள் அமலராணி.

அவர் கம்பீரமாக எழுந்து கதவைத் திறந்தார். உள்ளே இருட்டு. ஒரு எவர்சில்வர் தூக்கில் மாவு. பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். ஆர்.ஐ. ஒரு வாய் குடித்துவிட்டுப் பாட்டிலைப் பார்த்தார்.

"வெதுவெதுன்னு இருக்குது."

"கரண்டு இல்லீங்க சார். இப்பல்லாம் எப்பப் பாத்தாலும் கட்டு."

ஆர்.ஐ. மெல்ல நிமிர்ந்து பார்த்தார். தலைக்கு மேலே மின்விசிறி வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து சக்கரபாணியின் மனைவி அம்புஜவல்லி உள்ளே வந்தாள். யாரையும் பார்க்காமல் நேராக ஃப்ரிஜ்ஜுக்குப் போய்த் தூக்கை எடுத்தாள். "அமலாக்கா, மாவு பொங்கிப் போச்சு பாருங்க. மத்தியானத்துக்குள்ள பொட்டிய அனுப்பிடுங்க, எங்க வூட்டுக்காரருக்கு மோர் வெக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சூசைநாதன் ஃப்ரிஜ் கதவை மெதுவாகச் சாத்தினார்.

"நம்ம ஃப்ரிஜ்ஜைத்தான் தெருவே உபயோகிக்கறாங்க சார். நான் ஒண்ணும் சொல்றதில்ல," என்றார் சூசைநாதன்.

"நல்ல மனசு," என்றார் ஆர்.ஐ. "வாக்குமூலம் எழுதியாச்சுங்களா?"

அமலராணி காகிதத்தை நீட்டினாள். "அவங்க சொல்லச் சொல்ல நான் எழுதினதுங்க சார்."

"படிச்சுப் பாத்துட்டு அவரே கையெழுத்துப் போடட்டும்."

சூசைநாதன் காகிதத்தைக் கையில் பிடித்தார். எழுத்துகள் மழைக்கு முந்தின எறும்பு மாதிரி நாலாபக்கமும் ஓடின. கண்ணாடியைக் கழற்றினால் ஒன்றுமே தெரியாது. கம்பிக் கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. அதை எப்படி எடுப்பது? சரியான இடைவெளி விட்டு மூன்று தடவை தலையாட்டினார். பக்கத்தைத் திருப்பி, அங்கேயும் ஒரு தடவை ஆட்டினார்.

"எல்லாம் உண்மைதானுங்களா?"

"ஒரு எழுத்துப் பொய்யிருந்தா என்னைக் கேளுங்க சார்," என்று சொல்லி, கம்பெனி முதலாளி செக்கில் போடுகிற மாதிரி கோணலும் மாணலுமாக ஒரு கையெழுத்தைப் போட்டார்.

ஆர்.ஐ. காகிதத்தைப் பைக்குள் வைத்தார். வாசலில் வண்டியை உதைத்தபடி, "பெட்டியத் திருப்பித் தூக்க ஆளு இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கே சூசைநாதன் வழக்கம்போல மொட்டை மாடிக்குப் போய் அக்காவுக்குப் போன் போட்டார். "முடிஞ்சுது அக்கா. கவர்மெண்டு பைசா குடுக்காது. நீ தை மாசத்துல நாளு பாரு."

பத்தாம் நாள் ஆன் மேரி தாலுகா ஆபீசிலிருந்து சான்றை வாங்கிவந்தாள். அவர் கம்பிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். ஆண்டு வருமானம் ரூபாய் எழுபத்தெட்டாயிரம்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார். ஆர்.ஐ. மேசை முன்னால் வரிசை நின்றது. கருவேப்பிலங்குறிச்சிக்காரர் ஒருவர், தன் வருமானத்தை ரொம்பக் கூட்டிப் போட்டுவிட்டார்கள் என்று மன்றாடிக்கொண்டிருந்தார். அடுத்தவரும் அதையே சொன்னார். மூன்றாவதாக நின்ற அம்மாள் அழவே அழுதாள். நாலாவது சூசைநாதன்.

"சார், என் வருமானத்த ரொம்பக் கொறைச்சுப் போட்டுட்டீங்க."

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அழுத அம்மாளுக்கு அழுகை நின்றுவிட்டது.

ஆர்.ஐ. ஃபைல் கட்டிலிருந்து ஒரு காகிதத்தை உருவி நீட்டினார். "உங்க வாக்குமூலம். சத்தமாவே படிங்க."

அவர் சத்தமாகத்தான் ஆரம்பித்தார். "சூசைநாதன் ஆகிய நான், கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். மாதச் சம்பளம் ஆறாயிரத்து ஐந்நூறு. வேறு வருமானம் இல்லை." குரல் இறங்கியது. "பார்ட்னர் என்று சொல்லிக்கொள்வது என் பழக்கம், அதைப் பொருட்படுத்த வேண்டாம். கூடத்தில் உள்ள ஃப்ரிஜ்ஜும் என் முகத்தில் உள்ள கண்ணாடியும் பக்கத்து வீட்டு சக்கரபாணியுடையவை." அடுத்த வரியை அவர் உதடு மட்டும் படித்தது. 'என் மகள் ஆன் மேரி படித்து முடிக்கும்வரை அவள் கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டேன் என்றும் உறுதி கூறுகிறேன்.'

"கடைசி வரி எங்களுக்குத் தேவையில்லாதது. இருந்தாலும் இருக்கட்டும்னு விட்டுட்டேன்," என்றார் ஆர்.ஐ. "நானும் கம்பெனியில விசாரிச்சேன், சம்பளம் சரியாத்தான் இருக்குது. இதுல எது பொய்யின்னு சொல்லுங்க. பொய் வாக்குமூலம் குடுத்தார்னு உங்க மேல எழுதி மேல அனுப்பறேன்."

"அதெல்லாம் ஒண்ணும் பொய் இல்லீங்க சார்," என்றார் சூசைநாதன்.

வீட்டுக்கு வந்தபோது அமலராணி ட்ரங்க் பெட்டியில் மகளின் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் கத்தத்தான் வந்தார். அவள் நிமிரவேயில்லை.

"எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறீங்களா? மனு போட்ட அன்னிக்கே மாடியில நின்னு, உதவி கெடைக்காமப் பண்ணிடறேன்னு அக்காகிட்ட ரகசியம் பேசினீங்க. உங்க ரகசியம் கம்மாபுரம் வரைக்கும் கேட்டிருக்கும். ஆன் மேரி கீழதான் துணி காயப்போட்டுட்டு இருந்தா. கேட்டுட்டு உள்ள வந்து அந்தக் காலேஜ் கடிதாசிய மடிச்சு மடிச்சுத் தீப்பெட்டி அளவுக்கு ஆக்கிட்டா." ஒரு பாவாடையை உதறி மடித்தாள். "எங்கப்பாவும் இப்படித்தான். டீச்சர் ட்ரெயினிங்குக்கு எடம் வந்தா அனுப்பறேன்னாரு. எடம் வந்த கடிதாசிய அவரே வாங்கி வெச்சுக்கிட்டாரு. கல்யாணமாகி ரெண்டு வருஷம் கழிச்சு, எங்கம்மா வூட்டு அரிசிப் பானைக்கு அடியில பாத்தேன்."

இந்தக் கதையை அவர் இருபது வருஷத்தில் கேட்டதில்லை. கொண்டுவந்த கத்தலை விட்டுவிட்டு ட்ரங்க் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆனாலும் கையில் கடைசியாக ஒரு சீட்டு மிச்சமிருந்தது. அதையும் இறக்கிவிடாமல் எப்படி?

"அதெல்லாம் சரி ராணி. அக்காவுக்கு வாக்குக் குடுத்துட்டேனே. படிப்பு பாட்டுக்குப் படிப்பு. நிச்சயத்தையாவது வெச்சுடுவோம். அக்கா மனசு கஷ்டப்படும்."

"அதுக்குத்தான் அவங்களுக்கும் ஒரு ஜெராக்ஸ் அனுப்பிட்டேன்."

"எத?"

"வருமானச் சான்ற. சம்பந்தம் பண்றவங்களுக்குத் தெரிய வேணாமா? அது கைக்கு வந்ததுமே சேத்தியாத்தோப்பு பஸ்ஸு கண்டக்டர்கிட்ட குடுத்தேன்."

அதற்குள் செல்போன் அடித்தது. அக்காதான்.

"தம்பி, நல்லா இருக்கியா? ஒண்ணுமில்ல, ஜூடுக்கு இப்பக் கல்யாணத்துக்கு அவசரம் இல்லடா. பொண்ணு படிக்கட்டும், பாவம். ஆமா, ஆறாயிரத்து ஐந்நூறுதானா? பிடிச்சது போகவா, பிடிக்காமயா?"

போனை வைத்துவிட்டு சூசைநாதன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு மெதுவாகத் தேற்றிக்கொண்டார். போகட்டும். ஒரு காகிதம்தானே. மகள் பையிலே ஏறிக் காலேஜுக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் மறுபடி பார்ட்னர்தான்.

"கோயில்ல மட்டும் இதப் பத்தி யாருகிட்டயும் மூச்சு வுடாத," என்றார்.

"வுட வேணாம்தான். ஆனா இந்த உதவிய வருஷா வருஷம் புதுப்பிக்கணுமாம். ஆர்.ஐ. எப்ப வேணா வந்து அக்கம் பக்கத்துல விசாரிப்பாராம். அதனால பாத்துப் பேசுங்க."

"எத்தினி வருஷத்துக்கு?"

அமலராணி ட்ரங்க் பெட்டியை மூடி, மேலே ஏறி உட்கார்ந்து கொக்கியை மாட்டினாள்.

"நாலு வருஷம் நீங்க ஏழைதான். அப்புறம் வேணும்னா அவ சம்பளத்தச் சொல்லிப் பீத்திக்குங்க."