துடக்கரும் நாக்கில்லாத பூவும்

யாழ்ப்பாணத்திலேயே ஆசாரம் கூடிய மனிதர் யார் என்று கேட்டால் ஏதாவது ஒரு கோவில் ஐயரைக் காட்டுவீர்கள். பிழை. அவர் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போன ஒரு மெதடிஸ்தர். நான் எழுதுவினைஞனாக இருந்த தாவரவியல் ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சி செய்தவர். தீட்டைத் துடக்கு என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் துடக்கர்.

காரணம் இருந்தது. ஓர்க்கிட் மொட்டை அரைத்து, அதற்குள் எந்த ஜீன் வேலை செய்கிறது, எது நித்திரை கொள்கிறது என்று பார்ப்பதுதான் அவர் தொழில். அந்தச் சேதியைச் சுமக்கிற பொருள், விரல் பட்டாலே அழிந்துவிடுமாம். ஆகவே கதவுப்பிடி துடக்கு, தும்மல் துடக்கு. ஒருநாள் எங்கள் விஞ்ஞான பீடத்துக்கே தலைவரான பீடாதிபதி அவர் மேசையில் கையூன்றிவிட்டார்.

"சேர், கையை எடுங்கோ! உங்கடை விரல் என்ரை மூண்டு மாச வேலையைத் திண்டுபோடும்!"

பாவம், பீடாதிபதி தன் விரல்களைத் தானே பயத்தோடு பார்த்தபடி வெளியே போனார்.

மொட்டை விரியவும் விடமாட்டார். விரிந்தால் ஆய்வுக்கு உதவாது. அவர் மனைவி செல்வமக்கா என்னிடம் முறையிடுவார்: "இவ்வளவு காலமாய்ப் பூக்கண்டு வளக்கிறார் தம்பி, மேசையிலை வைக்க ஒரு பூ கிடைக்கேல்லை."

அவர் உயிர் முழுக்க ஒரு கன்றில் இருந்தது. பனையில் ஒட்டி வளரும் காட்டு ஓர்க்கிட். அந்த இனத்தில் ஒரு இதழ் மட்டும் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பூத்திருந்தபோது அவர் கண்டெடுத்த இந்தக் கன்றின் பூவுக்கு நாக்கே இல்லை.

"எல்லாத்துக்கும் உள்ளை இருக்கிறது அதே ஜீன்தான். பிறகு உவருக்கு மட்டும் ஏன் நாக்கு வரேல்லை? அதைக் கண்டுபிடிச்சிட்டன் எண்டால் நிம்மதியாய்ப் போவன்."

நாக்குள்ள பூவின் ஆய்வு முடிந்திருந்தது. நாக்கில்லாததில் ஒரு கொத்து மொட்டு மட்டும் வேண்டும். அவர் ஓய்வு பெறச் சில கிழமைகள் இருக்க, நல்லூரில் அவர் வீட்டு மாமரத்தில் கட்டியிருந்த அந்தக் கன்று மொட்டுவிட்டது.

மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற கந்தோரில் கெஞ்சி ஒரு குடுவை திரவ நைதரசன் வாங்கினார். கன்றிலிருந்து ஆய்ந்து எடுத்த மொட்டை உடனே உறைய வைக்க வேண்டுமே! உதவிக்கு என்னையும் கூப்பிட்டார். விடியப் போய்ப் பார்த்தால் கொத்தைக் காணவில்லை.

எங்கள் ஊர் வழக்கம் தெரியும்தானே? சாமிக்கு என்றால் எந்த வேலிக்கு மேலால் எட்டிப் பூ ஆய்ந்தாலும் களவில்லை. அன்று சதுர்த்தி. பக்கத்து வீட்டுப் பவளமக்கா, புதுவிதப் பூவென்று மனம் குளிர்ந்து, அதை ஒழுங்கை முனையில் இருந்த பிள்ளையார் கோவிலுக்குக் கொண்டுபோய்விட்டார்.

துடக்கர் இடுப்பில் கட்டிய சாரத்தோடும் கையுறையோடும் குடுவையோடும் ஓடினார். பின்னால் நான். கோவில் வாசலில் மூடி கழன்று வெண்புகை குபுகுபுவென்று பொங்கியது. சனம் விடுமா? புகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றக் கையை நீட்டிக்கொண்டு வந்தது.

"ஐயோ, தொடாதேங்கோ! குளிரிலையே கை வெந்துபோம்!"

"என்ன சாம்பிராணி உது, மணமே இல்லை" என்று குறைப்பட்டார் ஒரு கிழவர்.

ஐயர் நல்லவர். பிள்ளையாரின் தோளிலிருந்த கொத்தை எடுத்து, சந்தனம் பூசி, திருநீற்றோடு பிரசாதமாகக் கொடுத்தார். மொட்டெல்லாம் வதங்கிப்போயிருந்தன. துடக்கர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். அங்கே நின்ற பவளமக்கா விஷயம் விளங்கி அழத் தொடங்கினார்.

"விடுங்கோ பிள்ளை. நல்ல மனசோடைதானே ஆய்ஞ்சனீங்கள்" என்றார் துடக்கர்.

ஓய்வு பெற்ற பிறகும் மாமரத்தடியில் கதிரை போட்டு அண்ணாந்துகொண்டே இருந்தார். கன்று பூக்கவில்லை. போன மாரியில் மனிதர் போய்விட்டார். இன்னும் ஒரு வருடம் இருந்திருக்கக்கூடாதா?

போன கிழமை செல்வமக்கா போன் எடுத்தார். "தம்பி, அந்தக் கண்டு மொட்டு வைச்சிருக்கு. இப்ப ஆரிட்டைக் குடுக்கிறது?"

அந்த வேலை தெரிந்த பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு போய்விட்டார்கள்.

"விரியட்டும் அக்கா" என்றேன்.

இதைக் கேட்டிருந்தால் மனிதர் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். அந்த ஏச்சைக் கேட்கத்தான் இப்போது ஆசையாக இருக்கிறது.