உங்கள் பேரில் நான் படித்த ஏழாம் பாடம்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் மூத்த அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். அங்கே உங்கள் சுகத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை. கேட்க எனக்கு முகமில்லை. அதனால் அந்த ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன், நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். தங்கச்சிக்கும் உங்கள் தாயாருக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும். போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனை எடுத்ததும் நீங்கள் "சொல்லுங்க மச்சான்" என்பீர்கள். அதைக் கேட்டபிறகு எனக்கு வாய் வராது. மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

விஷயம் நம் சலவை ஆலையில் வாங்கிய பயிற்சி சாப்ட்வேரைப் பற்றியது. நீங்கள் வேலைக்குச் சேர்வதற்கு முன்னாலேயே ஆரம்பித்த கதை என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்காரர்கள், "உங்க ஆளுங்க அத்தனை பேரும் பாதுகாப்புப் பயிற்சி முடிச்சதுக்கு அத்தாட்சி காட்டுங்க, இல்லன்னா படுக்கை விரிப்பு எதுவும் அங்க வராது" என்று சொல்லிவிட்டார்கள். முன்னெல்லாம் நமக்குப் பயிற்சி என்றால் போர்மேன், விரிப்பை அழுத்தித் தேய்க்கிற ரோலர் பக்கத்தில் நின்று, "டேய், கையை உள்ள விட்டா கை வராதுடா" என்று ஒரு சத்தம் போடுவார். அவ்வளவுதான் பாடம். பதினெட்டு வருஷமாக எல்லாருக்கும் பத்து விரலும் இருந்தது. ஆனால் போர்மேனுடைய சத்தத்துக்கு ரெக்கார்டு கிடையாதே. ஆகவே மூன்று கம்பெனிக்காரர்கள் வந்து, ஆளுக்கொரு சாப்ட்வேரைக் கொடுத்து, இரண்டு இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்து நல்லதை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஓட்டிப் பார்க்க ஆள் வேண்டும். பயிற்சி அதிகாரியம்மா நேரே என்னிடம் வந்தார்.

"என்னை எதுக்கும்மா? நான் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லையே."

"அதுக்குத்தாண்ணே. உங்களுக்கே புரிஞ்சுட்டா எல்லாருக்கும் புரிஞ்ச மாதிரி."

இதைப் பெருமை என்று எடுத்துக்கொண்டேன் மாப்பிள்ளை. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு மறுநாள் மாடிக்குப் போனேன்.

மாடி அறை முன்னால் சோப்புத்தூள் வைத்திருந்த இடம். உட்கார்ந்தால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தும்மல் வரும். நாற்காலிக்கு நாலு சக்கரம்தான், ஐந்தாவது கழன்று போச்சு, அதனால் எப்பவும் சன்னல் பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருக்கும். அங்கே எனக்குத் துணைக்கு வந்து உட்கார்வார் நம்ம பாய்லர்க்காரர். ஒரே பெண்டாட்டியை ரெண்டு தடவை கட்டினவர், அந்தக் கதையை அவர் சொன்னால் ஒரு ஷிப்டு போதாது, நான் சொன்னால் இந்தக் காகிதம் போதாது, விடுங்க.

முதல் சாப்ட்வேருக்கு நாங்கள் வைத்த பேரு வார்டன். வீடியோ ஓடும், தள்ளிவிட முடியாது. கொஞ்சம் கண் அசந்தால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் போட்டு, இப்போ என்ன சொன்னேன் என்று கேட்கும். தெரியாவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். பதினாலு பாடத்தை முடிக்க ஒன்பது நாள் ஆச்சு. கீழே ஈரத்துணி மலை மாதிரி சேர்ந்து போய் போர்மேன் மாடிப்படியில் நின்னு, "யோவ், நீ என்ன கலெக்டருக்கா படிக்கிற?"ன்னு கத்தினார். ஆனா ஒண்ணு சொல்லணும், வார்டன் சொல்லிக்கொடுத்தது இன்னிக்கும் மனசுல இருக்கு. தும்மும்போதுகூட மறக்கல.

ரெண்டாவதுக்குப் பேரு சம்பந்தி. ஏன்னா அது எப்பப் பார்த்தாலும் யாரையாவது யார்கூடவாவது ஒப்பிட்டுக்கிட்டே இருக்கும். காலையில பல்லுல பிரஷ் இருக்கும்போதே போன்ல மெசேஜ் வரும், "உங்கள் நண்பர் உங்களை முந்திவிட்டார், நீங்கள் எங்கே?"ன்னு. கேன்டீன் சுவத்துல டிவி மாட்டி, முதல்ல வந்தவன் போட்டோவுக்கு ஒரு கிரீடம், கடைசி ஆளு போட்டோவைச் சுத்திச் சிவப்பு வட்டம். பாய்லர்க்காரர் ரெண்டு வாரமும் சிவப்பு வட்டத்துலதான் இருந்தார். அவரு சம்சாரம் சாப்பாடு கொண்டாந்தப்ப அதைப் பார்த்துட்டு, "இந்தாளு செத்துப்போயிட்டாரா?"ன்னு கேட்டுச்சாம். அன்னிக்கு அவர் டிவி ஒயரைப் பிடுங்கினதுல கேன்டீன்ல ஃப்ரிட்ஜும் சேர்ந்து நின்னுபோய் அத்தனை பாலும் திரிஞ்சுபோச்சு. சம்பந்தி கதை அதோட முடிஞ்சது.

மூணாவது வந்துச்சு. அது தங்கம் மாப்பிள்ளை. செல்ல மாமான்னு பேரு வெச்சோம். எதைக் கேட்டாலும் சரிம்பாரே, கோவமே வராத மாமா ஒருத்தர், அந்த மாதிரி. 'அடுத்து' 'அடுத்து'ன்னு அமுக்கிக்கிட்டே போனா பாடம் முடிஞ்சிடும். பரீட்சையில தப்பாச் சொன்னா, பரவாயில்லை மறுபடி முயலுங்கள்னு சிரிக்கும். நாலு விடையையும் வரிசையா அமுக்கினா எதாவது ஒண்ணு சரியா இருந்துதானே ஆகணும்? முடிவுல தங்க பார்டர் போட்டு ஒரு சர்டிபிகேட். வாழ்க்கையில எனக்கு வந்த முதல் சர்டிபிகேட். ஃப்ரேம் போட்டு வெச்சிருக்கேன், தங்கச்சிகிட்டகூடக் காட்டினேன்.

மீட்டிங் வெச்சாங்க. மேனேஜர், பயிற்சி அதிகாரியம்மா, சூட்டுப் போட்டவங்க மூணு பேர். எனக்கும் ஒரு நாற்காலி, அஞ்சு சக்கரமும் உள்ளது. "மூணுலயும் எது நல்லா இருக்கு, நீங்க சொல்லுங்க"ன்னாங்க. அத்தனை பேரும் என் வாயைப் பார்க்குறாங்க. நான் சொன்னேன், "மூணாவதுதாங்க. ஒரு தொந்தரவும் இல்ல."

அதையே வாங்கிட்டாங்க.

அறுபத்திரெண்டு பேரும் ஒரே மாசத்துல முடிக்கணும்னு உத்தரவு. யாருக்கு நேரம் இருக்கு? முதல்ல மடிப்புப் பகுதியில இருக்கிற அக்கா வந்து, "அண்ணே, என் நம்பரைப் போட்டு நீங்களே அமுக்கிடுங்களேன், எனக்குக் கண்ணு எரியுது"ன்னாங்க. சரின்னேன். மறுநாள் மூணு பேர். அதுக்கடுத்த நாள் வரிசை. எல்லாரோட நம்பரையும் பாஸ்வேர்டையும் ஒரு அட்டையில எழுதி நாற்காலிக்குப் பின்னால ஒட்டிட்டேன். ஒரு ஆளுக்குப் பதினோரு நிமிஷம், தும்மலும் சேர்த்து. "அண்ணன் கை வெச்சா பாஸ்"னு பேரே வந்துடுச்சு. எல்லாருக்கும் நூறு போட்டா சந்தேகம் வருமேன்னு ஆளுக்கு ஒண்ணு ரெண்டை வேணும்னே தப்பாப் போட்டேன். அதுலயும் ஒரு நியாயம் பார்த்தேன், வயசானவங்களுக்கு மார்க்கு குறைச்சல், புதுசுங்களுக்குக் கூடுதல். உங்களுக்குத் தொண்ணூத்தாறு போட்டேன். தங்கச்சி புருஷனாச்சே.

நீங்க சேர்ந்த ரெண்டாம் நாள் மாடிப்படியில நின்னு என்கிட்ட என்ன கேட்டீங்கன்னு நினைவிருக்கா? எனக்கு நல்லா நினைவிருக்கு.

"மச்சான், அந்தப் பாடத்தை நானே ஒரு தடவை பார்த்துடட்டுமா? மிஷினு எனக்குப் புதுசு."

"அட, அது எதுக்கு மாப்பிள்ளை உங்களுக்கு? உங்களுது காலையிலயே முடிச்சாச்சு. போய் டீ குடிங்க."

நீங்க சிரிச்சுக்கிட்டே, "மச்சான் இருக்கும்போது எனக்கென்ன"ன்னு இறங்கிப் போனீங்க.

ஏழாம் பாடம் ரோலரைப் பத்தினது. வார்டன்ல அதை நான் நாலு தடவை பார்த்தேன், கண் அசந்து அசந்து. துணியோட விரல் மாட்டினா கையை இழுக்கக் கூடாது. மேலே இருக்கிற சிவப்பு பட்டன் எட்டாது. மேசைக்கு அடியில முழங்கால் உயரத்துல ஒரு கம்பி ஓடுது, முழங்காலால ஒரு இடி இடிச்சா ரோலர் நின்னு, தானே மேலே தூக்கிக்கும். சின்னப் பிள்ளைகூட இடிச்சு நிறுத்தலாம். இது எனக்குத் தெரியும். உங்க பேருல படிச்சவன் நான்தானே. உங்களுக்குத் தெரியாது. அன்னிக்கு வலது கை ரோலர்ல மாட்டினப்போ நீங்க இடது கையைத் தூக்கித் தூக்கி மேலே இருந்த பட்டனைத் தேடினீங்களாம், மடிப்புப் பகுதி அக்கா சொல்லி அழுதாங்க. சத்தம் கேட்டப்போ நான் மாடியில பாய்லர்க்காரருக்காக, 'கவனம் சிதறாமல் வேலை செய்வது எப்படி' பாடத்தை அமுக்கிக்கிட்டிருந்தேன். படி இறங்கி ஓடிவந்து முழங்காலால இடிச்சது நான்தான். நின்னுடுச்சு. ரொம்ப லேசா நின்னுடுச்சு மாப்பிள்ளை. அதை நினைச்சாத்தான் சோறு இறங்க மாட்டேங்குது.

இப்போ விசாரணை. கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்திருக்காங்க. ஏழாம் பாடம் முடித்தார், கம்பி எங்கே என்ற கேள்விக்குச் சரியான விடை அளித்தார்னு உங்க பேருல இருக்கு. 'தெரிந்தும் செய்யவில்லை, தொழிலாளியின் கவனக்குறைவு'ன்னு எழுதப்போறாங்களாம். அப்படி எழுதிட்டா உங்களுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலைகூடக் கிடையாது, ஆஸ்பத்திரிச் செலவும் நம்ம தலையில. நாலு விரலும் போயி, அதுக்குக் குத்தவாளியும் நீங்களேன்னா அது எந்த ஊரு நியாயம்? வியாழக்கிழமை காலையில என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்காங்க. ஒளிக்காம சொல்லிடப் போறேன். அட்டையையும் எடுத்துக் கொடுத்துடுவேன். அறுபத்திரெண்டு பேரு சர்டிபிகேட்டும் போகட்டும், என் வேலையும் போகட்டும். பதினெட்டு வருஷம் செஞ்சாச்சு, இதுக்கு மேல செஞ்சு என்ன கோட்டை கட்டப்போறேன்? என் மாப்பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது, தெரியவிடாமப் பண்ணினவன் நான்னு மேசையில தட்டிச் சொல்லுவேன்.

காயத்துல தண்ணி படாமப் பார்த்துக்குங்க. மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுங்க. தங்கச்சி கோவத்துல ஏதாவது சொன்னா மனசுல வெச்சுக்காதீங்க, அந்தக் கோவம் வந்து சேரவேண்டிய இடம் இதுதான். நீங்க ரெண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாம நல்லா இருக்கணும்னு எழுதப்போய், குறைங்கிற சொல்லைப் பார்த்து நிறுத்திட்டேன். நல்லா இருக்கணும். அவ்வளவுதான்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: இதை வியாழக்கிழமை மத்தியானம் எழுதுகிறேன். காலையில் போனேன். சாட்சி சொல்வதையும் செல்ல மாமாவிலேயே வைத்திருக்கிறார்கள். தொழிலாளி பயிற்சியை முடித்தாரா என்று கேட்டது. 'ஆம்' என்று ஒன்று, 'ஆம், முழுமையாக' என்று ஒன்று. வேறு விடை இல்லை. கம்ப்யூட்டர் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பயிற்சி அதிகாரியம்மா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். "இதுல இல்லாதது வேற ஏதாவது சொல்லணுமாண்ணே?" என்று வாயைத் திறந்தே கேட்டார்கள். மேனேஜர் என்னைப் பார்த்தார். "ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வெளியே வந்தபிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது.

மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். கிழிக்கவில்லை. எனக்கு வாய்தான் வரவில்லை மாப்பிள்ளை, கை வந்திருக்கிறது. கீழே என் முழுக் கையெழுத்தும் ஆலை நம்பரும் போட்டிருக்கிறேன். இதை எடுத்துக்கொண்டு போய் யாரிடம் காட்ட வேண்டுமோ அவர்களிடம் காட்டுங்கள். என்னைக் கேட்க வேண்டாம். கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.