படகு பேட்டரியில் அரைத்த சட்னி

முடிச்சூர்,
மேற்குத் தாம்பரம்.

பெருமதிப்பிற்குரிய மச்சான் சவுரிமுத்து அவர்களுக்கு, உங்கள் தங்கை ஜான்சியின் கணவன் துரைராஜ் பணிந்து எழுதுவது.

ஆண்டவர் கிருபையால் இங்கே நான், ஜான்சி, மகள் ஜெரூஷா மூவரும் நலம். உங்கள் நலத்தை விசாரிக்கத்தான் கை கூசுகிறது. அதைக் கெடுத்தவனே நான். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. ஆகவே கடிதம்.

எங்கள் தெருவில் வெள்ளம் மார்பளவு நின்றபோது, கோவளத்திலிருந்து உங்கள் ஃபைபர் படகை லாரியில் ஏற்றி வந்து, மாடி மாடியாக ஜனங்களை இறக்கிக் கரை சேர்த்தீர்கள். மதியம் படகை எங்கள் கேட்டில் கட்டிவிட்டு மாடிக்கு வந்து பாயில் சாய்ந்தவர், சாய்ந்ததும் குறட்டை. அந்த நேரம்தான் ஜெரூஷாவுக்குக் கம்ப்யூட்டரில் வேலைக்கான இன்டர்வியூ. கரண்ட் கிடையாது. இன்வெர்ட்டர் பெட்டியை மாடிக்குத் தூக்கிவிட்டேன், அதன் பேட்டரி கீழே மூழ்கிவிட்டது. பிள்ளை புதுப் புடவை கட்டிக்கொண்டு இருண்ட திரைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். படகில் ஒரு பேட்டரி இருக்கிறதே என்று என் புத்தி போயிற்று, கழற்றி வந்து இன்வெர்ட்டரில் மாட்டிவிட்டேன். உங்களை எழுப்பிக் கேட்டிருக்கலாம். களைத்துத் தூங்குகிறவரை எழுப்புவது பாவம் என்று நினைத்தேன்.

கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. இன்டர்நெட்டுக்குப் பக்கத்து வீட்டு ஜமாலின் போன். திரையில் வந்த அம்மாள், "சென்னைக்காரங்களுக்குத் தள்ளி வெச்சுட்டோமே, மெயில் பார்க்கலையா? ஆமா, இந்த வெள்ளத்துல உங்களுக்கு மட்டும் எப்படிம்மா கரண்ட்?" என்று கேட்டார். ஜெரூஷா, "மாமாவோட படகு மேடம்" என்றாள்.

அத்தோடு வயரைப் பிடுங்கியிருந்தால் நான் மனிதன். கம்ப்யூட்டர் ஓடுகிற செய்தி பரவி, பக்கத்து மாடிகளிலிருந்து போன்களைக் கூடையில் போட்டுக் கயிற்றில் அனுப்பினார்கள், எப்படி மறுப்பது? அப்போது ஜான்சி, "ஏங்க, எங்க அண்ணனுக்குத் தேங்காச் சட்னின்னா உயிரு. மிக்ஸிய ஒரு சுத்து சுத்திக்கிறேனே" என்றாள். தேங்காய் முற்றல். ஒரு சுற்று பல சுற்றாயிற்று. அலையிரைச்சலில் பழகிய காது, அதற்கும் நீங்கள் எழவில்லை. எழுந்து இட்லியை அதில் தொட்டுத் தின்று, "இன்னா தங்கச்சி, அம்மில அரைச்சியா? சோக்கா கீது!" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். பேட்டரியை அதற்குள் சத்தமில்லாமல் படகில் வைத்துவிட்டேன்.

நீங்கள் கை கழுவும்போது ஜமாலின் மனைவி நிகத்துக்குப் பிரசவ வலி கண்டது. அவளைப் படகில் படுக்கவைத்துச் சாவியைத் திருப்பினீர்கள். "டிக்" என்றது, அவ்வளவுதான். "இன்னா மாப்ள, காலைல ஜம்முனு இருந்துச்சு, இப்ப செத்துக் கீது?" என்றீர்கள். நான் வானத்தைப் பார்த்தேன். இன்ஜின் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்தீர்கள், மறுபடியும் இழுத்தீர்கள். இன்ஜின் கிளம்பவில்லை, உங்கள் தோள்மூட்டுதான் இடம்விட்டுக் கிளம்பிவிட்டது.

நானும் ஜமாலும் மார்பளவுத் தண்ணீரில் படகைத் தள்ளினோம். அந்தப் பெண் அலறிய ஒவ்வொரு அலறலும் என்னைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலிருந்தது. தாங்கமுடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வலிக்கு நடுவில் நிகத், "அங்கிள்... சட்னிக்கா?" என்று கேட்டாளே, அதைவிட நீங்கள் என்னை அறைந்திருக்கலாம். நீங்களோ கையைப் பிடித்துக்கொண்டு, "சுறா இழுத்த தோளு மாப்ள, உன் தெருவுல வந்து போச்சே" என்றீர்கள், அவ்வளவுதான்.

மெயின் ரோட்டில் ஆம்புலன்ஸ் நின்றது, பெண் குழந்தை பிறந்தது, இருவரும் சுகம். ஆனால் நீங்கள் கடலுக்குப் போகாமல் வீட்டில் கிடப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. புதுப் பேட்டரி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். சீல்கூடப் பிரிக்கவில்லை. இன்று ஜமால் தன் வண்டியில் கொண்டுவந்து தருவார். உங்கள் சொத்தை இனி உங்களைக் கேட்காமல் தொடமாட்டேன், இது சத்தியம்.

வீட்டில் அனைவருக்கும் எங்கள் ஸ்தோத்திரம். மாதா உங்கள் தோளைத் தொட்டுச் சுகமாக்கட்டும்.

தலைகுனிந்து,
துரைராஜ்

பின்குறிப்பு: ஜமால் வந்துவிட்டார், கரண்ட் போய்விட்டது. ஜெரூஷாவுக்குத் தள்ளிப்போன இன்டர்வியூ இன்றைக்குத்தானாம். ஜமாலை உட்காரவைத்து டீ கொடுத்திருக்கிறோம். பேட்டரி சற்றுத் தாமதமாக வரும். சீல் பிரிந்து, கொஞ்சம் பழகியும் வரும்.