அமைதி நாற்காலி

சலூன் கண்ணாடியில் எதிர்க்கடை பளிச்சென்று தெரியும். அதுவும் சலூன்தான், ஆனால் அங்கே உட்கார இடமில்லை. இங்கே சலூன்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். இப்படியே போனால் கடைக்குப் பூட்டுதான் என்ற பயத்தில் அவருக்குச் சோறே இறங்கவில்லை.

"முடிவெட்ட வர்றவங்க எல்லாரையும் ஒண்ணா பாக்காதீங்கப்பா, பிரிச்சுப் பாருங்க," என்றாள் வணிகம் படிக்கும் மகள். "சோப்பு கம்பெனி, வாங்கறவங்களைப் பிரிக்குது. டாக்டர் ஸ்கேன் படத்துல எலும்பு வேற, சதை வேறன்னு பிரிக்கறாரு. மண்புழுகூட உடம்பை வளையம் வளையமா பிரிச்சுத்தான் வச்சிருக்கு."

மண்புழுவுக்கு உள்ள புத்தி தனக்கு இல்லாமல் போயிற்றே என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது.

முதலில் வயதுவாரியாகப் பிரித்தார். இருக்கிற இரண்டு நாற்காலியில் இடது இளைஞருக்கு, வலது பெரியவருக்கு. முந்தின நாள்தான் தலைக்குச் சாயம் பூசியிருந்த வங்கி அதிகாரியை வலப்பக்கம் உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை, தெருவைத் தாண்டிப் போய்விட்டார்.

அடுத்து முடிவாரியாக. 'அடர்த்தி', 'சுமார்' என்று இரண்டு அட்டை மாட்டினார். சுமாரானவர்கள் கூண்டோடு எதிர்க்கடைக்குப் போனார்கள்.

வியாபாரம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாயிற்று. "வயசையும் முடியையும் விடுங்கப்பா. அவங்களுக்கு என்ன பிடிக்கும்னு பிரிங்க," என்றாள் மகள்.

ஆக, இடது நாற்காலி பேச விரும்புவோருக்கு, வலது அமைதி விரும்புவோருக்கு. இடதில் தூசிதான் உட்கார்ந்தது. வலதில் ஒரு கூரியர்காரர் உட்கார, அதற்கே இன்னும் நாலு பேர் பெஞ்சில் காத்திருந்தார்கள். சலூன்காரருக்கு உச்சி குளிர்ந்தது.

"பாத்தீங்களா தம்பி, எல்லாம் மண்புழு சொல்லிக் குடுத்தது," என்று கூரியர்காரரின் கன்னத்தில் நுரை தடவியபடி ஆரம்பித்தார். "அதுக்கு உடம்பெல்லாம் வளையம். இப்ப உங்க தாடையையே எடுத்துக்குங்க..."

மண்புழுவை முடித்து ஸ்கேனுக்கு வந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. கண்ணாடியில், நாலு பேரும் எதிர்க்கடைப் படியேறிக்கொண்டிருந்தார்கள்.

கத்தி பாதிக் கன்னத்தில் நின்றது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"அமைதி வேணும்னாங்க, தனி நாற்காலியே போட்டுக் குடுத்தேன். இதுக்கு மேல அங்க அப்படி என்னதான் தம்பி இருக்கு?"

கத்தி விலகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கூரியர்காரர் மெல்ல வாயைத் திறந்தார்.

"ஒண்ணுமில்லண்ணே. அந்தக் கடைக்காரருக்குத் தொண்டை கட்டிக்கிட்டு ஒரு மாசமா பேச்சே வரல."