ஓடுகிற இஞ்சினை அமர்த்திய சம்பந்திக்கு

டிராம்பே, பம்பாய்
23-11-1966

மகாகனம் பொருந்திய அய்யாத்துரை அண்ணாச்சி அவர்கள் சமூகத்துக்கு, கம்பெனி சைடிங் தண்டவாளத்து இஞ்சின் டிரைவர் பூதத்தான் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் சுகம். டோம்பிவிலியில் தாங்களும் மதினியும் மாப்பிள்ளை கணேசபாண்டியனும் சுகமாயிருக்க முப்பிடாதி அம்மன் துணை செய்யட்டும். மாப்பிள்ளை என்று எழுதிவிட்டேன். இன்னமும் அப்படி எழுதலாமா கூடாதா என்று தெரியாமல்தான் இந்தக் கடிதமே.

போன ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்த தங்களை நடுரோட்டில் நிறுத்தி, பஸ் ஜனங்கள் பார்க்க, 'வே' என்று சொல்லிவிட்டேன். 'நீரு' என்றும் சொன்னேன். மனதார மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நடந்தது தங்களுக்குத் தெரியும், ஆனால் மதினி அன்றைக்கு வரவில்லை. லோக்கல் ரயிலில் தாங்கள் டோம்பிவிலி போய்ச் சேர்வதற்குள் கதை என்னவெல்லாம் ஆகியிருக்குமோ! அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். அவர்களுக்கு வாசித்துக் காட்டவும்.

எங்கள் டீசல் இஞ்சின் யுத்த காலத்தில் பட்டாளத்துக்கென்று கப்பலில் வந்தது. யுத்தம் முடிந்ததும் கம்பெனி மலிவாக வாங்கிப் போட்டது. இன்றைக்கும் வேகன்களை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது, அதில் குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு சங்கடம், பாட்டரி செத்துப் பல வருஷம் ஆகிறது, நின்றால் கிளம்பாது. அதனால் அதை நாங்கள் அமர்த்துவதே இல்லை. ஷிப்டுக்கு ஷிப்டு டிரைவர் மாறுவான், இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். தீபாவளியன்றைக்கும் ஓடும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வராது.

அன்றைக்கு எனக்கு டூட்டி. சம்பந்தியை பஸ்ஸில் இடிபட வைப்பானேன், ரோட்டு ரயில்வே கேட்டைத் தாண்டினால் நாங்கள் குடியிருக்கிற சால் வீடு, இஞ்சினிலேயே ஏற்றி ஜம்மென்று கொண்டுபோய் இறக்குவோம் என்று பெருமையாக நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் சனியன் பிடித்தது. வேகன்களை யார்டிலேயே விட்டுவிட்டு, தங்களையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு வெறும் இஞ்சினோடு வந்தோமா, ரோட்டைக் கடக்கும்போது கேட்காரன் கையைக் காட்டினான், என்னவென்று கேட்க நான் கீழே இறங்கினேன், இறங்கி ஒரு பீடி பற்றவைக்கிற நேரம் ஆகவில்லை, சத்தம் நின்றுபோச்சு. அண்ணாச்சி, எனக்கு என் நெஞ்சே நின்ற மாதிரி இருந்தது. ஓடிவந்து பார்த்தால் தாங்கள் மேலே நின்று, "சும்மா நிக்கும்போது என்னத்துக்குய்யா ஓடணும்? டீசல் என்ன தண்ணியா? நாந்தான் அமத்துனேன்" என்கிறீர்கள். ரூமை விட்டு வெளியே வந்தால் லைட்டை அமர்த்துகிற கையாம், மாப்பிள்ளை பிறகு சொன்னார்.

அதற்குப் பிறகுதான் நான் "என்ன மனுசன் வே நீரு! ஓடுற இஞ்சின உம்ம யாரு அமத்தச் சொன்னா?" என்று கேட்டது. வயதில் மூத்தவரை அப்படிக் கேட்டது தப்பு. ஆனால் கேட்டது நியாயம், அதையும் எழுதிவிடுகிறேன். அறியாத பொருளில் கை வைக்கலாமா, சின்னப் பிள்ளைகூட கேட்டுவிட்டல்லவா தொடும்? சரி, அது கிடக்கட்டும். இந்தப் பக்கம் பஸ், அந்தப் பக்கம் பஸ், நடுவில் லாரிகள். கண்டக்டர் "அரே மாமா, காடி ஹடாவ்!" என்று கத்துகிறான், தள்ளுவண்டியை ஓரங்கட்டச் சொல்கிற மாதிரி. கடைசியில் இரண்டு பஸ் ஜனங்களும் இறங்கித் தள்ளினார்கள். நான் மேலே ஏறிக் கியரைப் போட்டேன். தாங்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினீர்கள். அது இருமி, தும்மி, கரும்புகையாகக் கக்கிவிட்டுக் கிளம்பினபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால், கிரீஸ் அப்பின வேட்டியோடு தாங்கள் விறுவிறுவென்று பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள், மாப்பிள்ளை பின்னாலேயே ஓடுகிறார். பெண்ணைப் பார்க்கவில்லை, எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. என் வீட்டுக்காரி முப்பிடாதியம்மாள் கேசரிச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அன்றையிலிருந்து என்னோடு பேசவில்லை. பெண் என்ன பாவம் செய்தாள் அண்ணாச்சி? என் வாய்க்காக பூமாரியை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அவள் அம்மாவைப் போல, அதிர்ந்து பேசமாட்டாள். எனக்கு அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்?

வேட்டியை அனுப்பினால் மண்ணெண்ணெய் போட்டுத் துவைத்துத் தருகிறோம். மதினிக்கு என் கும்பிடு. மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம், எந்த வீட்டுக்கு மாப்பிள்ளையானாலும் அவர் நல்லா இருக்கட்டும்.

தங்கள் தாழ்மையுள்ள,
பூதத்தான்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது பூமாரி வாங்கி வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நேற்று நான் டூட்டியில் இருக்கும்போது தாங்களும் மதினியும் வந்தீர்களாமே! அன்றைக்குப் பட்டுச் சேலையோடு ஓடிவந்து உங்கள் பக்கத்தில் நின்று இஞ்சினைத் தள்ளின பெண் இவள்தான் என்று தெரிந்து, "இந்தத் தெம்பு நம்ம வீட்டுக்கு வேணும்" என்றீர்களாமே! வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, தை மாதம் கல்யாணம் என்றும் பேசி முடித்தீர்களாமே! போகும்போது, "அவருகிட்ட இப்பம் மூச்சு விடாதீங்க, மன்னிப்புக் கடுதாசி எப்படி எழுதுதாருன்னு பாப்போம்" என்று என் பெண்டாட்டி பிள்ளையிடமே சொல்லிவிட்டுப் போனீர்களாமே! ரொம்பச் சந்தோஷம் அண்ணாச்சி, கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. ஆகவே மேலே கேட்ட மன்னிப்பை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். திட்டினது மட்டும் அப்படியே இருக்கட்டும்.