மட்டைக்கு வலிக்கும்

மட்டைக்கு வலிக்கும் என்று சொல்லி ஒரு ஆட்டத்தையே நிறுத்திய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் துண்டுக்காரர். அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கும். யாரும் கேட்கவில்லை.

அருப்புக்கோட்டையிலிருந்து பரளச்சி போகிற வழியில் எங்கள் மில் முதலாளிக்கு நிலம் கிடந்தது. மழை வந்தால் கரிசல் காலைப் பிடிக்கும். வராவிட்டால் வெடித்துப் பிளக்கும். மீதி இடமெல்லாம் சுக்கான் கல். கம்பு போட்டார்கள், கருகியது. மல்லி போட்டார்கள், அதுவும் கருகியது. முதலாளி பெங்களூர் போய்விட்டு வந்து கோல்ப் போட்டார். புல் கருகியது. ஆட்டம் மட்டும் நிலைத்துவிட்டது.

மொத்தம் ஒன்பது குழி. குழியைச் சுற்றிப் பச்சைப் புல் இருக்க வேண்டுமாம். எங்களிடம் இருந்தது மணல். பந்து சீராக உருள வேண்டும் என்று அதில் பழைய எண்ணெயை ஊற்றி இழுத்துவிடுவோம். வெள்ளையாகப் போகிற பந்து கறுப்பாக வரும். கரிசல் வெடிப்புக்குள் விழுந்த பந்து வரவே வராது.

ஒரு பந்தை அடிக்க பதினாலு மட்டை. மாட்டை ஓட்டக்கூட ஒரு கம்புதான். அந்தப் பதினாலையும் ஒரு பையில் போட்டுச் சுமக்கிறவனுக்குக் கேடி என்று பெயர். எங்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷனில் அந்தப் பெயரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என் அப்பா அந்த நிலத்தில் கூலிக்குக் களை எடுத்தார். நான் அதே நிலத்தில் பை தூக்கினேன். முன்னேற்றம்தான்.

நான் விருந்தாளிகளின் பையைத் தூக்குவேன். முதலாளியின் பை துண்டுக்காரர் பொறுப்பு. அவர் நெசவுக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். முப்பது வருடம் அடுத்தவர் பவர்லூமில் தறி ஓட்டினார். ஒருநாள் தறியை இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார்கள். அந்த வயதில் அவரை யாரும் வேலைக்குச் சேர்க்கவில்லை. முதலாளி ஒருவர்தான் சேர்த்தார். இதுவும் போனால் அவருக்கு அடுத்த வேலை கிடையாது. அது எங்களுக்குத் தெரியும். முதலாளிக்கும் தெரியும். துண்டுக்காரர் ஒருவர்தான் தெரியாத மாதிரி நடந்துகொண்டார்.

அவர் மேல் எப்போதும் நாலு துண்டு இருக்கும். இடது தோளில் ஈரத் துண்டு, வலது தோளில் காய்ந்த துண்டு. இடுப்பில் இருப்பது மட்டையின் பிடிக்கு. தலையில் கட்டியிருந்தது அவர் வேர்வைக்கு என்று நினைத்திருந்தோம். இல்லை. அது மட்டையின் கழுத்துக்கு. சொந்த வேர்வையை அவர் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார்.

முதலாளி அடித்ததும் எல்லோரும் பந்தைப் பார்ப்போம். துண்டுக்காரர் மட்டையைப் பார்ப்பார்.

"பந்து எங்கய்யா போச்சு?"

"கவனிக்கலைங்க மொதலாளி. மட்டைக்கு ஒண்ணும் ஆகல."

மட்டையை முதலில் ஈரத்தில் துடைப்பார். பிறகு காய்ந்ததில். அதன் முகத்தில் கோடு கோடாகப் பள்ளம் இருக்கும். அதில் ஏறிய மண்ணை வேப்பங்குச்சியால் எடுப்பார். இரும்பு பட்டால் கீறிவிடுமாம். பல் விளக்கிவிடுகிற மாதிரியே இருக்கும். அந்த நேரத்தில் மட்டையிடம் தெலுங்கில் ஏதோ சொல்வார். எங்களிடம் அவ்வளவு பேசியதில்லை.

பெரிய மட்டைகள் மூன்றுக்கும் குழந்தைகளுக்குப் போடும் குரங்குக் குல்லா மாட்டியிருந்தார். பார்க்க ஊட்டிக்குக் கிளம்பின குடும்பம் மாதிரி இருக்கும். நடக்கும்போது மட்டைகள் ஒன்றோடொன்று இடிக்கக் கூடாது. அதனால் தூங்குகிற பிள்ளையைச் சுமப்பது போல நடப்பார். அவர் ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குப் போவதற்குள் பஸ் பந்தல்குடி போய்த் திரும்பிவிடும். உச்சி வெயிலில் குடை விரிப்பார். முதலாளி ஆசையாகப் பக்கத்தில் போவார். குடை பைக்கு.

முதலாளி களைத்துப்போய் மட்டையை ஊன்றிச் சாய்ந்தால் உடனே குரல் வரும்.

"மொதலாளி, அது ஊணுகம்பு இல்ல. வளைஞ்சிரும்."

ஒருமுறை ஏழாவது குழியில் பந்து போகவில்லை என்று முதலாளி மட்டையைச் சுழற்றி எறிந்தார். துண்டுக்காரர் பின்னாலேயே ஓடிக் கருவேல முள்ளுக்குள் விழுந்து அதைப் பிடித்துவிட்டார். வெளியே வந்து மட்டையைத் துடைத்தார். அதற்குப் பிறகுதான் தன் காலில் முள் பிடுங்கினார்.

"அடுத்த தடவ எறியணும்னா என்னையத் தூக்கி எறிங்க மொதலாளி. நான் கீறல் தாங்குவேன்."

ஆட்டத்தை நிறுத்தியது எட்டாவது குழியில். பந்து சுக்கான் கல்லை ஒட்டிக் கிடந்தது. முதலாளி கையை நீட்டினார். துண்டுக்காரர் மட்டையைத் தரவில்லை.

"கல்லுல கெடக்கு மொதலாளி. மட்டைக்கு வலிக்கும்."

"யோவ், ஆடுறது நானா நீயா?"

"ஆடுறது நீங்கதான். அடி வாங்குறது அதுல்ல?"

பையை மூடிவிட்டார். அன்றைக்கு எட்டோடு முடிந்தது. முதலாளி ஒன்பதாவது குழியைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுக் காரில் ஏறினார்.

இதையெல்லாம் முதலாளி பொறுத்தார். பொறுக்காதது ஆயுத பூஜை அன்று நடந்தது.

காலையில் துண்டுக்காரர் மட்டைகள் வைக்கிற ஷெட்டைக் கழுவினார். பதினாலு மட்டையையும் குளிப்பாட்டி, சுவரில் வரிசையாகச் சாய்த்து, சந்தனம் குங்குமம் வைத்தார். புல் வெட்டுகிற மெஷினுக்கு ஒரு பொட்டு. மட்டைக்கு மூன்று. பொரி கடலை படைத்துச் சூடம் காட்டினார். பதினோரு மணிக்கு முதலாளி வந்து இறங்கினார். கூடவே கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெரிய மனிதர். மில்லில் நூல் வாங்குகிறவர்.

"பைய எடுய்யா."

"பூசையில இருக்கு மொதலாளி."

"அதான் முடிஞ்சிருச்சில்ல?"

"முடிஞ்சிருச்சு. ஆனா இன்னைக்கு அதுக்கு லீவு. தறிக்கு லீவு, லாரிக்கு லீவு, உங்க மில்லுக்கே லீவு. வருசம் பூராம் கல்லுல அடி வாங்குது. இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"விருந்தாளி வந்திருக்காருய்யா!"

"சாமியும் வந்திருக்கு மொதலாளி."

விருந்தாளி முன்னால் சாமியோடு சண்டை போட முடியாது. மூலையில் துருப்பிடித்துக் கிடந்த நாலு பழைய மட்டையை எடுத்துக்கொண்டு முதலாளி ஆடினார். ஒன்பது குழியிலும் தோற்றார். நூல்காரர் சிரித்துக்கொண்டே கிளம்பினார். கார் மறைந்ததும் முதலாளி திரும்பினார்.

"நாளையிலருந்து நீ வர வேணாம்."

துண்டுக்காரர் காரணம் கேட்கவில்லை. கெஞ்சவில்லை.

"ராத்திரி எலி வரும் மொதலாளி. ஷெட்டுக் கதவ நல்லாச் சாத்தச் சொல்லுங்க."

அவ்வளவுதான் சொன்னார். பஸ் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் விஜயதசமி. முதலாளி வந்து என்னைக் கூப்பிட்டார். "ஏப்பா, இனி நீதான். போய் மட்டைகள எடுத்துட்டு வா." நான் ஷெட் வாசல் வரை போய்த் திரும்பினேன்.

"பூசை வச்ச கைதான் எடுக்கணும் மொதலாளி. மாத்துக் கை பட்டா ஆகாது."

"யாருக்கு ஆகாது?"

"மட்டைக்குச் சொந்தக்காரவுகளுக்கு."

முதலாளி வாட்ச்மேனைப் பார்த்தார். வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். "ஆமாங்க, ஆகாது" என்றார். புல் வெட்டுகிறவர் சும்மா இருந்திருக்கலாம்.

"பாலவனத்தத்துல ஒருத்தர் இப்படித்தான் கைய வச்சாரு..."

"என்னாச்சு?"

"அத ஏன் கேக்குறீக."

முதலாளி தானே ஷெட்டுக்குள் போனார். கையை நீட்டினார். மூன்று பொட்டோடு பதினாலும் அவரைப் பார்த்தன. கையை எடுத்துக்கொண்டார்.

"அவன் வீடு தெரியுமா?"

நான் பைக்கை எடுத்தேன். துண்டுக்காரர் வீட்டில் அவர் சம்சாரம்தான் வெளியே வந்தார்.

"ராத்திரியிலருந்து அவுக சாப்பிடல. நேத்துப் படைச்ச பொரியில சக்கரை போட்டுட்டாகளாம். மட்டைக்கு எறும்பு வந்திருக்கும்னு பொலம்பிக்கிட்டே கெடக்காக."

துண்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பின்னால் ஏறி உட்கார்ந்தார். மைதானத்தில் முதலாளியை நிமிர்ந்து பார்க்கவில்லை. தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, ஒவ்வொரு மட்டையாக எடுத்துச் சந்தனத்தைத் துடைத்தார். ஒரு மட்டையில் நாலு எறும்பு இருந்தது. அவற்றை ஊதித் தள்ளினார். இரண்டு மணி நேரம் ஆனது. முதலாளி வெயிலில் நின்றார். எல்லாவற்றையும் பையில் வைத்துக் குல்லா மாட்டி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, துண்டுக்காரர் முதல் குழிக்குப் போய் நின்றார்.

"வெயில் ஏறுது மொதலாளி. ஆடுறதுன்னா ஆடுங்க."

முதலாளி போனார். ஆடினார். வேலையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

சாயங்காலம் வாட்ச்மேன் என்னிடம் வந்தார்.

"ஏலே, பூசை வச்ச கைதான் எடுக்கணும்னு எந்த ஊருல இருக்கு?"

"எந்த ஊருலயும் இல்ல" என்றேன்.

இப்போது எங்கள் மைதானத்தில் மட்டும் இருக்கிறது.